மரியநேசன் பூவுக்குத் தண்ணீர் வார்த்தது

செவ்வந்தி நேற்றே தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. இன்றைக்கு ரோசாவும் அதே வழியில் போய்விட்டது.

மரியநேசன் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்து பார்த்தார். இலையெல்லாம் மஞ்சள். தொட்ட இலை கையோடு வந்தது.

"என்ன சனியனடா இது!" என்றார். பிறகு அது மனைவியின் பூங்கன்று என்பது நினைவுக்கு வர, அவசரமாக நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

மனைவி அற்புதம் போய் ஒரு வருசமாகப் போகிறது. அடுத்த ஞாயிறு கோயிலில் ஆண்டுத் திருப்பலி. பூசை முடிந்து சேமக்காலைக்குப் போய்க் கல்லறையில் பூ வைக்க வேண்டும். எந்தப் பூவை வைக்க வேண்டும் என்பதையும் அந்த மனுசி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"கடைப்பூ ஒண்டும் எனக்கு வேண்டாம். என்ர பூவைக் கொண்டந்து வையுங்கோ."

கட்டிய நாள் முதல் அவள் தன்னிடம் கேட்டது அது ஒன்றுதான் என்று மரியநேசன் நினைத்தார். வேறும் கேட்டிருப்பாள். அவர் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

கொக்கிளாயில் யார் வீட்டிலும் பூச்சாடி என்று ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கிற, பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டியின் மூடி உடைந்துபோனால் அதுதான் பூச்சாடி. அற்புதம் அப்படிப்பட்ட பெட்டிகளைப் வீட்டின் பக்கவாட்டில், பக்கத்து வீட்டு வேலியோரமாக மரநிழலில் அடுக்கி, மண் நிரப்பி, ரோசாவும் செவ்வந்தியும் நட்டிருந்தாள்.

அவள் செத்த பிறகு மரியநேசன் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. மனம் வரவில்லை. பூங்கன்றுகளும் அதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மழை பெய்தால் மரத்திலிருந்து சொட்டியதைக் குடித்தன, பெய்யாவிட்டால் சும்மா இருந்தன. மாரி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும்தான் அவருக்குச் சுருக்கென்றது. ஐயோ, பூ!

அற்புதம் எப்படித் தண்ணீர் வார்ப்பாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பின்னேரம் கோயில் மணி அடித்ததும் பூவாளியைத் தூக்கிக்கொண்டு வேலியடிக்குப் போவாள். பொழுதுபட்டு, நுளம்பு கடிக்கத் தொடங்கிய பிறகுதான் திரும்பி வருவாள். முன்முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும் மரியநேசனுக்கு அவள் பூக்களோடு கதைப்பது முணுமுணுவென்று கேட்கும். சில நாள் சிரிப்பும் கேட்கும். பூவோடு கதைக்கிற ஆட்கள் உலகத்தில் உண்டு என்று றேடியோவில் ஒருமுறை சொல்லியிருந்தார்கள். ஆகவே அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் எதையும் கேட்கிற மனிதர் இல்லை, சொல்கிற மனிதரும் இல்லை. சோறு, தேத்தண்ணி, கடல் சரியில்லை. பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டில் இந்த மூன்று சொல்லோடு அவருடைய குடும்பம் ஓடியது.

ஆகவே அவரும் மணி அடித்ததும் தொடங்கி, நுளம்பு கடிக்கும்வரை வார்த்தார். வாடியது. காலையிலும் வார்த்தார். இன்னும் வாடியது.

"அண்ணை..." என்று ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

மரியநேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அது பக்கத்து வீட்டுப் பத்திநாதனின் மனைவி எமில்டா. பத்திநாதனின் படகு ஒருமுறை மரியநேசனின் வலையைக் கிழித்துக்கொண்டு போனது. கிழித்தவன் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கே மரியநேசன் வேலிக்குக் கழுத்தளவு தகரம் அடித்து, "அந்த வீட்டு ஆக்களோட ஒரு சொல்லுக் கதைக்கக் கூடாது" என்று அற்புதத்துக்கும் கட்டளை போட்டுவிட்டார். அது நடந்து எத்தனையோ வருசம். வலையே உக்கிப்போய்விட்டது, கோபம் உக்கவில்லை.

மீன் எடுக்க முல்லைத்தீவிலிருந்து வரும் வியாபாரி நாஸிம்தான் முதல் வைத்தியம் சொன்னான்.

"தண்ணி மட்டும் ஊத்தினாப் போதுமா அண்ணே? சத்து வேணாமா? மீன் கழுவுற தண்ணிய ஊத்திப் பாருங்க. எங்க வீட்டு முருங்கை அப்பிடித்தான் நிக்குது."

மரியநேசன் மீன் கழுவிய தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார். கொக்கிளாயில் இத்தனை பூனை இருப்பது அதுவரை பூனைகளுக்கே தெரிந்திருக்காது. இரவிரவாகப் பெட்டிகளைக் கிளறிவிட்டுப் போயின. இரண்டு செவ்வந்தி வேரோடு வெளியில் கிடந்தது.

பூனைக்கு வைத்தியம் அவரிடமே இருந்தது. பழைய வலையைக் கொண்டுவந்து பூங்கன்றுகளைச் சுற்றிக் கட்டினார். கடலில் கட்டுகிறபடியே கட்டினார், அதுதான் அவருக்குத் தெரியும். அடுத்தநாள் வலையில் பூனை ஒன்றும் படவில்லை. திருப்பலி விசயமாகக் கதைக்க வந்த பங்குச் சுவாமிதான் பட்டார்.

"மரியநேசன்! காலை எடுக்க ஏலாமக் கிடக்கு!"

"அசையாதேங்கோ ஃபாதர். துள்ளத் துள்ள இறுகும்."

"நான் என்ன மீனே?"

"மீன் எண்டால் இவ்வளவு கதைக்காது ஃபாதர்."

அங்கியிலிருந்து முடிச்சு முடிச்சாக வலையை எடுத்துவிட்டபோது, இருந்த ஒரேயொரு ரோசா மொட்டு சுவாமியின் செருப்புக்குக் கீழே கிடந்தது. சுவாமிக்குப் பெரிய கவலையாகப் போய்விட்டது.

"கடையில நல்ல பூ வாங்கலாமே?"

"அவள் வேண்டாம் எண்டவள்."

சுவாமி குனிந்து நசுங்கிய மொட்டை எடுத்தார். "அற்புதம் பூவோட கதைக்கிறவா எண்டு செத்தவீட்டில சொன்னனீரெல்லோ? நீரும் கதைச்சுப் பாருமன். கன்று கேட்டுப் பழகினது, இப்ப சத்தமில்லாம ஏங்கிப் போச்சோ தெரியாது."

அன்று பின்னேரம் மரியநேசன் வேலியடியில் கதிரை போட்டு உட்கார்ந்தார். ஒரு கையில் பூவாளி. ரோசாவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"இண்டைக்குக் கடல் சரியில்லை."

அதற்குமேல் அவருக்கு வரவில்லை. வெட்கமாகவும் இருந்தது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். அடுத்தநாள் கொஞ்சம் கூட வந்தது. எஞ்சின் இழுக்கவில்லை என்றார். சூடை மீன் மலிந்துபோய்க் கிடக்கிறது என்றார். மூன்றாம்நாள் தன்பாட்டில் வந்தது.

"சோறு சரியா வருகுதில்லை. ஒண்டில் அரிசியாக் கிடக்கு, இல்லாட்டில் குழைஞ்சு போகுது. எவ்வளவு தண்ணி வைக்கிறதெண்டு நான் ஒருநாளும் உன்னட்டைக் கேக்கேல்லை." பூவாளி தன்பாட்டில் வார்த்துக்கொண்டிருந்தது. "குசினியில சத்தமே இல்லை. முந்தியும் நான் சத்தம் போடேல்லைத்தான். நீ சட்டி பானை கழுவிற சத்தம் கிடந்தது. அது காணும் எண்டு நினைச்சிட்டன்."

அழுகை வந்துவிட்டது. அறுபது தாண்டிய மனுசன் றெஜிபோம் பெட்டிக்கு முன்னால் இருந்து மூக்கைச் சிந்தினார். தகரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். உடனே எழுந்து உள்ளே போனார். செடிகளுக்கு அவருடைய கதை பிடிக்கவில்லை போலும், மிச்சமிருந்த இலையையும் கொட்டிவிட்டன.

கருவாடு வாங்க உருத்திரபுரத்திலிருந்து வந்த யோகலிங்கம் வயல் செய்கிற ஆள். பெட்டிகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நீங்கள் கடலில திரியிற ஆள், பயிரைப் பற்றி என்ன தெரியும்? நீங்கள் ஊத்திற தண்ணி இலையைத்தான் நனைக்குது. வேர் தண்ணிக்குள்ள நிக்கோணும் அண்ணை! வயல் வாடினால் நாங்கள் என்ன செய்யிறனாங்கள்? வரம்பைக் கட்டித் தண்ணியை நிப்பாட்டுவம்."

"அண்ணை, வேண்டாம்..." என்று வேலிக்கு மேலால் மறுபடி எமில்டாவின் குரல்.

"ஆரது?" என்றார் யோகலிங்கம்.

"ஒருத்தரும் இல்லை," என்றார் மரியநேசன்.

பெட்டிகள் விளிம்புவரை நிறைந்தன. றெஜிபோம் பெட்டி ஒரு சொட்டும் ஒழுகாத சாமான். ஐஸ் உருகினாலும் வெளியில் விடாது. மரியநேசன் வயல்காரனைப்போல இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். திருப்திதான்.

சனிக்கிழமை விடிய வந்து பார்த்தபோது நிமிர்ந்து நின்ற செடி ஒன்றுகூட இல்லை.

ஒரு பெட்டியைத் தூக்கி வெயிலுக்கு வைக்கலாம் என்று பிடித்தார். பாரம் தாங்காமல் கைநழுவிக் கவிழ்ந்தது. கறுத்த தண்ணீர் ஓடியது. நாற்றம் மூக்கைப் பிடித்தது. வேரைக் கையில் எடுத்துப் பிசைந்தார். கஞ்சிபோலக் கரைந்துவிட்டது. அடுத்த பெட்டியும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான்.

ஒரு மாதமாக அவர் பூக்களைத் தண்ணீரில் தாட்டுக் கொன்றிருக்கிறார். கடலில் இத்தனை வருசம் ஒருத்தரையும் தாழவிடாத மனுசன்.

சேற்றுக்குள் அப்படியே இருந்துவிட்டார்.

"ஒரு பூவைக் கேட்டாள். அதையும் சாக்காட்டிப்போட்டன்," என்று வாய்விட்டே சொன்னார். "அவளும் பொழுதுபடுமட்டும் வாத்தவள்தானே. அவள் வாக்க மட்டும் எப்பிடி அழுகாமல் நிண்டது?"

"அண்ணை."

இந்தமுறை முகத்தைத் திருப்பவும் அவருக்குச் சீவன் இருக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தார். தகரத்துக்கு மேலால் எமில்டா ஒரு பிளாஸ்டிக் பேசினை நீட்டிக்கொண்டு நின்றாள். பேசின் நிறையச் செவ்வந்தி, நடுவில் ரோசா.

"நாளைக்குக் கல்லறைக்கு வையுங்கோ."

"அவளுக்கு வேற ஆரின்ரை பூவும் வேண்டாமாம்," என்றார். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அந்த வீட்டோடு அவர் கதைத்த முதல் வார்த்தை அது.

"இது வேற ஆரின்ரையும் இல்லை. அக்கா முறிச்சுத் தந்த கம்பை நட்டு வந்தது. அக்கான்ர பூத்தான்."

மரியநேசன் சேற்றோடு எழுந்தார். கோபம்தான் முதலில் வந்தது.

"அற்புதம் எப்ப தந்தவள்? உங்களோட கதைக்கக் கூடாதெண்டு சொன்னனான் எல்லோ! நான் வீட்டில நிக்கேக்க ஒருநாளும் அவள் உங்கட படலை தாண்டினதில்லை. பின்னேரம் முழுக்க இந்த இடத்தில நிண்டு பூவுக்குத் தண்ணியெல்லோ வாத்தவள்!"

எமில்டா பேசினை அவர் கையில் வைத்தாள்.

"எல்லாப் பெட்டிக்கும் சேத்து ஒரு செம்புத் தண்ணி காணும் அண்ணை, மிச்ச நேரமெல்லாம் அக்கா வெறும் பூவாளியைப் பிடிச்சுக்கொண்டு என்னோடதான் கதைச்சுக்கொண்டு நிண்டவா."