மூக்கண்ணன் வழங்கிய மன்னிப்பு

கோயம்புத்தூருக்குப் பக்கத்துச் சித்தூர் வட்டாரத்தில் மூக்கண்ணனோடு சண்டை போடாத ஆள் யாராவது இருந்தால், அவர் நேற்றுத்தான் குடிவந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டில் எரு வியாபாரம் செய்பவர். எரு மக்கிவிட்டதா என்று பார்க்க, இரண்டு கை நிறைய அள்ளி முகத்தைப் புதைத்து மோந்து பார்ப்பார். பெயர் வந்தது அப்படித்தான். நான் ஒரே ஒருமுறை, சும்மா கிடைத்ததே என்று வேறிடத்து எருவை என் தென்னைக்குப் போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மோந்து பார்த்தார். அவ்வளவுதான், வருஷக்கணக்கில் பேச்சில்லை.

அந்த மனுஷனுக்கு நுரையீரலில் புற்று வந்தது. கோயம்புத்தூரில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். தூசி ஆகவே ஆகாது என்றார் டாக்டர். பஸ் போனால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எருவை மட்டும் வழக்கம்போல மோந்தார். எருவைப் போய் யாராவது தூசி என்பார்களா என்பது அவர் கட்சி.

அடுத்த வருஷம் இருமலில் ரத்தம் வந்தது. ஸ்கேனில், வெட்டிய இடத்திலேயே ஒரு கட்டி. புற்று திரும்பியிருக்கலாம், சதை எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும் என்றார்கள். முடிவு வருவதற்குள் மூக்கண்ணன் தானே முடிவு கட்டிவிட்டு, வீடு வீடாகப் போய் எல்லோரையும் மன்னிக்கத் தொடங்கினார்.

மளிகைக்கடைக்காரர் பதறிப்போய், நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டிருக்கிறார். அதெல்லாம் இப்போது எதற்கு என்று சொல்லிவிட்டு மூக்கண்ணன் போய்விட்டாராம். கடைக்காரருக்கு ஒரு வாரம் தூக்கமில்லை.

என் வீட்டுக்கும் வந்தார். "அந்தச் சொத்தை எருவப் போட்டீங்களே, அதையும் மன்னிச்சுட்டனுங்க" என்றார். சண்டைக்காரன் சாந்தமானால் பயமாகத்தான் இருக்கிறது.

அவர் சம்சாரம் ராசக்கா மட்டும் அசையவில்லை. மூக்கண்ணன் வாயைத் திறந்ததுமே, "என்னைய மன்னிக்கற வேலையெல்லாம் வேண்டாம். கம்முனு உக்காருங்க" என்றார். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதார்.

முடிவு வாங்க என் காரில்தான் போனோம். புற்று இல்லை, பூசணம் என்றார் டாக்டர். வெட்டிய இடத்தில் குடியேறி, பார்வைக்குப் புற்றுபோலவே உட்கார்ந்திருக்கிறதாம். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் கட்டுப்படுத்தலாமாம். ராசக்கா கையெடுத்துக் கும்பிட்டார். மக்கும் எருவில் இந்தப் பூசணம் நிறைய உண்டு, என்ன தொழில் செய்கிறீர்கள் என்று டாக்டர் விசாரித்ததுதான் தாமதம், மூக்கண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"பூசணமா? என்ற எருவுலயா? யாருகிட்ட வந்து என்ன பேச்சுப் பேசறீங்க?"

சாகவில்லை என்பது அவர் காதில் ஏறவே இல்லை. ராசக்காவும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துவந்தோம். வழியெல்லாம் ராசக்கா சிரித்துக்கொண்டே அழுதார்.

இப்போது மாஸ்க் போட்டுக்கொண்டுதான் எரு விற்கிறார். மோப்பம் பார்ப்பது ராசக்கா தடை செய்துவிட்ட காரியம். உடம்பு தேறியதும் ஒருநாள் காலையில் என் கேட்டருகே வந்து நின்றார்.

"அன்னிக்கு மன்னிச்சேன்னு சொன்னனே, அது சாகப்போறவன் சொன்னதுங்க. செல்லாது."

மறுபடி பேச்சில்லை. தினமும் காலையில் என்னைப் பார்த்ததும் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு போகிறார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் காப்பி இறங்குகிறது.