காந்தம் ஒட்டாத கார்

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் நீங்கள் "ம், அப்புறம்?" என்று கேட்டதும் சொல்ல வந்தது மறந்து, "ஒண்ணுமில்ல மாமா, சும்மாதான்" என்று வைத்துவிடுவேன். தாளுக்கு அந்த அவசரம் இல்லை. நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அது முதுகைச் சொறிந்துகொண்டிருக்கிறது.

எல்லாம் நீங்கள் வீடு மாறும்போது அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன அந்த இரண்டு சீட்டு ரேஸ் கார்தான். அடுத்த மாதம் நான் வேலைக்கு வெளியூர் போகிறேன், அம்மா சொல்லியிருப்பார். அதற்குள் இதற்கு ஒரு வழி பண்ணிவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் என் கவலை.

அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் தகரம் தட்டியே ஓய்வு பெற்றவர் என்பது உங்களுக்குத் தெரியும். எந்தப் பழைய வண்டியைக் கண்டாலும் காந்தத்தை வைத்துப் பார்ப்பார். தகரமென்றால் ஒட்டும், ஓட்டையைப் பட்டி பூசி மறைத்திருந்தால் ஒட்டாது. உங்கள் காரின் முன்மூடியில் வைத்தார், விழுந்தது. கதவில் வைத்தார், விழுந்தது. பின்விளக்கு வரைக்கும் விழுந்துகொண்டே போனது. முழுக் காரையும் பட்டியிலேயே பிடித்துவைத்து அவர் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று முடிவுசெய்து உங்களுக்குப் போன் போட்டார். அன்றிலிருந்து நீங்கள் இருவரும் பேசுவதில்லை. அது தகரமே இல்லை, ஃபைபர் என்று நான் அப்போதே சொன்னேன் மாமா. என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே. அதற்குள் அப்பா சுத்தியலை எடுத்துவிட்டார்.

மட்கார்டில் இருந்த பள்ளத்தை உள்ளிருந்து தட்டி நிமிர்த்தப் பார்த்தார். ஒரே தட்டு. சுத்தியல் இந்தப் பக்கம் வந்து என்னை எட்டிப் பார்த்தது. ஓட்டையின் ஓரமெல்லாம் கிழிந்த சாக்கு மாதிரி நார் நாராகத் தொங்கியது. அப்பா அதற்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இதை ஏன் நீ முன்னாடியே சொல்லல?" என்றார்.

அதன்பிறகு என் பட்டத்துக்கு வேலை வந்தது. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்றால் உலகத்திலுள்ள எல்லாப் பாடத்தையும் படித்தவள் என்று கணக்கு. நான் படித்தது வரலாறு. "படிச்சவதானே, எத்தனை சொட்டுன்னு நீயே பாத்து ஊத்து" என்று ஃபைபர் ஒட்டும் ரெசின் பசை டப்பாவையும் அதை இறுக வைக்கும் மருந்தையும் என் கையில் கொடுத்தார். இறுகாமல் போய்விடுமோ என்ற பயத்தில் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டேன். அம்மாவின் அரிசி அளக்கும் குவளை சூடாகி, புகைந்து, உள்ளே பிரஷ் நட்டுக்கொண்டு நிற்கக் கல்லாகிப் போனது. இப்போது அது சமையலறைக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கிறது.

அதற்கடுத்து, காரைத் தேய்த்தபோது போட்டிருந்த சட்டையை அப்பா வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறவைத்துவிட்டார். ஃபைபரிலிருந்து உதிர்ந்த கண்ணாடி நார்த்தூள் தலையணை உறை வரைக்கும் குடியேறிவிட்டது. மூவரும் ஆளுக்கொரு சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றோம். "என் தம்பி போறப்ப ஏதோ ஆசையா குடுத்துட்டுப் போறான்னு நினைச்சேன். சொறியைக் குடுத்துட்டுப் போயிருக்கான்" என்றார் அம்மா.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் ரெசின் காயாது என்று தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டு, காரின் கூட்டைச் சக்கரச் சட்டத்திலிருந்து கழற்றி, ஒருக்களித்து, வாசல் வழியாகக் கூடத்துக்குள் கொண்டுவந்தார் அப்பா. நீங்கள் கொடுத்தபோதே முன்மூக்கு உடைந்து போயிருந்ததால் நுழைந்தது. உள்ளே வைத்து அந்த மூக்கைக் கட்டினோம். நார்ப்பாயை விரித்து ரெசின் தடவும்போது ஒருவர் மறுமுனையை இழுத்துப் பிடிக்க வேண்டும். அது நான். "அந்தப் பக்கம் பிடி" என்பதற்கு மேல் இந்த மழைக்காலத்தில் அப்பா என்னிடம் அதிகம் பேசவில்லை. மூக்கு என்னவோ பிரமாதமாக வந்துவிட்டது. ஆனால் எப்படிச் சாய்த்தாலும் வாசலில் நுழைய மாட்டேன் என்கிறது. அப்பா அளவு நாடாவை நிலையில் வைத்தார், மூக்கில் வைத்தார், பிறகு சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். அந்தத் தட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குத் தெரியும். "சுவத்துல கை வச்சீங்கன்னா, காருக்கு முன்னாடி நான் வெளிய போயிடுவேன்" என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது, காரும் நின்றது. அதன்மேல் துணி காய்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைச் சுற்றி வந்து உட்கார்ந்து, எதுவும் கேட்காமல் கிளம்பிவிடுகிறார்கள். நான் படுப்பது மூக்குக்கு அடியில்.

ஆகையால் மாமா, யாரையாவது கூட்டிவந்து, மூக்கை அறுத்தாவது, இந்தக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். எனக்கு அலுத்துவிட்டது.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் இருவருக்கும் உடம்பு நன்றாக இருக்கட்டும். முதுகு அரிக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: மூக்கை அறுக்கச் சொன்னதை மறந்துவிடுங்கள். நேற்று அப்பா அந்த மூக்கைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "போயும் போயும் இதைப் பட்டின்னு சொல்லிட்டேன்" என்றார். அந்தக் காந்தம் இப்போது பீரோவில் ஒட்டியிருக்கிறது. அதன் அடியில் உங்கள் புது முகவரிச் சீட்டு. அப்பாதான் வைத்தார். அதைப் பார்த்துத்தான் உறைமேல் எழுதப் போகிறேன். கதவு இரண்டும் பின்பக்கமும் இன்னும் பாக்கி இருக்கின்றன. நான் போய்விட்டால் மறுமுனை பிடிக்க ஆள் இல்லை, அம்மா தொடமாட்டார். காரை எடுக்க வராதீர்கள் மாமா. சும்மா வாருங்கள், பழைய சட்டை ஒன்று எடுத்துக்கொண்டு. அப்பாவுக்கு மன்னிப்பெல்லாம் கேட்க வராது. உங்களைக் கண்டதும் "அந்தப் பக்கம் பிடி மச்சான்" என்பார். பிடித்துக்கொள்ளுங்கள்.