மச்சினர், பக்கம் 9 முதல் 231 வரை

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு புஸ்தகத்துக்கு இன்டெக்ஸ் போடணும்.

புஸ்தகத்தோட கடைசியில, யார் பேர் எந்தப் பக்கத்துல வருதுன்னு ஒரு பட்டியல் இருக்குமே, அதான். மந்தைவெளியில வீட்டுல உக்காந்துகிட்டே புஸ்தகங்களுக்கு லே-அவுட் பண்றது என் பொழப்பு. இன்டெக்ஸ் மட்டும் ஜென்மத்துல போட்டதில்ல. ஆனா வாய் சும்மா இருக்குமா? "அரை மணி நேர வேலை சார்"னு சொல்லிட்டேன்.

சார்னா அடையாறு வைத்தியநாதன் சார். ரிட்டயர்டு இன்ஜினியர். வர்ற ஞாயித்துக்கிழமை மயிலாப்பூர்ல அவருக்கு சதாபிஷேகம். வர்றவங்க எல்லாருக்கும் தாம்பூலப் பையில தேங்காயோட சேர்த்து தன்னோட வாழ்க்கை வரலாறையும் போட்டுக் குடுக்கறதா முடிவு. 280 பக்கம். தேங்காயை விட கனம்!

சாயங்காலம் நாலு மணிக்குள்ள பிரஸ்ஸுக்கு ஃபைல் போகணும்.

சாஃப்ட்வேர் ஒண்ணை டிரையலுக்கு இறக்கினேன். பேரை எல்லாம் அடிச்சுக் குடுத்தா, அது வர்ற பக்கத்தை அதுவே பொறுக்கி எடுத்துரும். ஜம்முனு போய்க்கிட்டே இருந்தேன். கடைசியில பேஜ் ரேஞ்ச் செட்டிங்னு ஒரு பொட்டி வந்துச்சு. "எத்தனை பக்க இடைவெளிக்குள் இருந்தால் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்?"னு இங்கிலீஷ்ல கேட்டுச்சு. ஏற்கெனவே அதுல 1னு இருந்துச்சு.

ஒண்ணா? இவ்ளோ பெரிய புஸ்தகத்துக்கு ஒண்ணா? கஞ்சத்தனமா தோணிச்சு. தாராளமா 50னு அடிச்சேன்.

கீழ "எண்களைச் சுருக்கவா?"ன்னு ஒரு டிக். சுருக்கேன், எனக்கென்ன!

மூணே செகண்டுல இன்டெக்ஸ் ரெடி. என் தோளை நானே தட்டிக்கிட்டேன். சாருக்கு அனுப்பினேன். சார் அதைப் பெருமையா பிரஸ்ஸுக்கும், குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் தள்ளி விட்டார்.

நானும் படிக்கல. அவரும் படிக்கல. குடும்பம் படிச்சுது.

முதல் போன் டி. நகர்லேர்ந்து.

"வித்யாவா? நான் ரமணி பேசறேன்மா. கோமதியோட தம்பி."

கோமதி மாமிதான் சாரோட மனைவி. "சொல்லுங்க மாமா"ன்னேன்.

பதிலுக்கு மூக்கு சிந்தற சத்தம்.

"அம்பது வருஷமா அத்திம்பேருக்கு என்னைக் கண்டாலே ஆகாதுன்னு நெனச்சுண்டிருந்தேன்மா. இன்னிக்கு இன்டெக்ஸைப் பார்த்தேன். ரமணி, 9–231! எரநூத்தி இருவத்திமூணு பக்கம்! அந்த மனுஷன் எல்லாத்தையும் மனசுக்குள்ளயே பூட்டி வெச்சுண்டிருந்திருக்கார்!"

லே-அவுட் பண்ணவ நான். ரமணி மாமா மொத்தம் ஆறே இடத்துலதான் வர்றார்னு எனக்குத் தெரியும். முன்னுரையில, பக்கம் 9: 'இதை எழுதும்போது ரமணி வந்து தொந்தரவு செய்யாமல் இருந்ததற்கு நன்றி.' 52ல சாரோட ஸ்கூட்டரை வாங்கிட்டுப் போய் சுவத்துல மோதறார். 98ல அதே ஸ்கூட்டர், வேற சுவர். 140லயும் 187லயும் சார் அறிவுரை சொல்றார். 231ல, 'ரமணி இன்னும் திருந்தவில்லை.'

ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அம்பது பக்கத்துக்குக் குறைவு. என் 50 எல்லாத்தையும் ஒட்டி, அந்த மனுஷனைப் புஸ்தகத்தோட கதாநாயகனா ஆக்கிடுச்சு!

வாயைத் திறக்கறதுக்குள்ள "நான் ஸ்வீட் வாங்கிண்டு அடையாறு கெளம்பறேன்"னு மாமா போனை வெச்சுட்டார்.

அடுத்தது பிரஸ் குமார்.

"அக்கா, இன்னாக்கா இது? 'மாம்பலம் வீடு, 118–24'ன்னு கீது? நூத்திப்பதினெட்டுல ஆரமிச்சு இருவத்தினாலுல முடியுதா? புக்கை பின்னாலேர்ந்து பைண்ட் பண்ணணுமா?"

"இல்ல குமார், அது 124. சுருக்கச் சொன்னேன், ஒரு ஒண்ணை மிச்சம் பிடிச்சிருக்கு."

"ஒரே ஒரு ஒண்ணை மிச்சம் புடிச்சு இன்னாக்கா பண்ணப் போற? நேரா போட்டு அனுப்பு. நாலு மணி, மறந்துராத!"

மூணாவது போன் சார். குரல் கிணத்துக்குள்ளேர்ந்து வந்துது. பாத்ரூம்லேர்ந்து பேசறாராம்.

"வித்யா, லேப்டாப்பைத் தூக்கிண்டு ஒடனே வா. இவ எங்கிட்ட பேசமாட்டேங்கறா."

ஆட்டோ பிடிச்சு அடையாறு பாலம் தாண்டறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்ச சாமியை எல்லாம் இன்டெக்ஸ் போட்டுட்டேன்.

மாமி ஹால்ல நடு சோபாவுல, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, கையில போனோட உக்காந்திருந்தாங்க. சார் ஓரத்து நாற்காலியில, பரீட்சையில பிட் அடிச்சு மாட்டின பையன் மாதிரி.

"வாடியம்மா. காபி சாப்பிடறியா?"ன்னாங்க மாமி. அந்த அமைதிதான் பயமா இருந்துச்சு.

"இல்ல மாமி, வந்து..."

"கோமதி. 31, 118, 204. மூணு எடம். என் தம்பிக்கு எரநூத்தி இருவத்திமூணு பக்கம். அம்பத்திரண்டு வருஷம் இவருக்கு சமைச்சுப் போட்டது நானா, ரமணியா?"

"கோமு, அது மிஷின் பண்ண தப்பு"ன்னார் சார்.

"மிஷினுக்கு எம்மேல என்ன கோவம்?"

நான் குறுக்க பாஞ்சேன். "தப்பு என்னுது மாமி. அம்பது பக்கத்துக்குள்ள திரும்ப வந்தா ஒட்டிடுன்னு சொல்லிட்டேன். அதான் ரமணி மாமா மொத்தமா ஒட்டிக்கிட்டார்."

"அப்போ நான் ஏன் ஒட்டிக்கலை?"

"உங்க பேருக்கு நடுவுல எண்பத்தாறு பக்கம் இடைவெளி மாமி."

சொல்லிட்டு நாக்கைக் கடிச்சேன். லேட்!

மாமி மெதுவா சார் பக்கம் திரும்பினாங்க. "எண்பத்தாறு பக்கம் நான் எங்கே போயிருந்தேன்?"

சார் மேல ஓடற ஃபேனைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை மணையில பக்கத்துல நான் உக்காரலை. ஒன்பதுலேர்ந்து எரநூத்தி முப்பத்தொண்ணு வரைக்கும் கூடவே இருக்கானே, அவனையே உக்காத்தி வெச்சுக்கோங்கோ!"

கரெக்டா அந்த நேரம் பார்த்து காலிங் பெல்.

ரமணி மாமா! கையில ஒரு கிலோ மைசூர்பாகு. "அத்திம்பேர்!"னு ஓடி வந்து சாரைக் கட்டிக்கிட்டார். சாருக்குக் கையை எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல.

இவர்கிட்டயும் உண்மையைச் சொல்லணுமே! சொன்னேன். ஆறு இடம்தான் மாமா, அதுலயும் ரெண்டு சுவர்.

மாமா முகம் சுருங்கினது என்னவோ உண்மை. மைசூர்பாகு டப்பாவை ஒரு தடவை பார்த்தார். அப்புறம், "ஆறா? என் கூடப்பொறந்த அண்ணா கல்யாண ஆல்பத்துலயே நான் ரெண்டு போட்டோலதான் இருக்கேன். ஆறு ஜாஸ்திதான்!"னு டப்பாவைப் பிரிச்சு மொத துண்டை அவரே வாயில போட்டுக்கிட்டார்.

அடுத்தது மாமி. லேப்டாப்பைத் திறந்து 50ஐ 1 ஆக்கினேன். சுருக்கற டிக்கை எடுத்தேன். புஸ்தகத்தை ஓட்டிப் பார்த்தப்போதான் சூட்சுமம் புரிஞ்சுது. அந்த மூணு இடத்தைத் தவிர சார் மாமியைப் பேர் சொல்லியே எழுதல. பூரா 'இவள்', 'இவள்'னுதான்!

"சார், 'இவள்'ங்கறதையும் கோமதி கணக்குலயே சேர்த்துடறேன்"னேன்.

சேர்த்தேன். அடேயப்பா! அஞ்சு வரிக்கு நம்பர் கொட்டுச்சு. சார் நெஞ்சை நிமித்தினார். "பார்த்தியா கோமு? பக்கத்துக்குப் பக்கம் நீதான்."

மாமி கண்ணாடியைச் சரி பண்ணி ஸ்க்ரீன்கிட்ட வந்தாங்க. ஒவ்வொரு நம்பரா விரலை வெச்சுக்கிட்டே வந்து ஒரு இடத்துல நிறுத்தினாங்க.

"இது என்ன 76–77? ரெண்டு பக்கம் சேர்ந்தாப்பல வரேனே. அங்க என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கார்?"

எனக்குத் தெரியும். ரசம். கல்யாணமான புதுசுல மாமி வெச்ச ரசத்தைப் பத்தி ஒன்றரைப் பக்கம். நல்லபடியா இல்ல.

சார் முகத்துல ரத்தம் இல்ல. இன்டெக்ஸ் எதுக்குன்னு அவருக்கு அப்போதான் புரிஞ்சுது. எழுதினதைக் கண்டுபிடிக்கறதுக்கு!

"வித்யா!"ன்னு கத்தினார். "எதுக்கும்மா இத்தனை நம்பர்? இவ இல்லாத பக்கம்னு ஒண்ணு உண்டா? எல்லாத்தையும் எடுத்துடு. கோமதி, 1–280ன்னு போடு!"

"சார், முதல் அத்தியாயத்துல நீங்களே அப்பத்தான் பொறக்கறீங்க..."

"போடும்மா!"

போட்டேன். ரமணி மாமா கை தட்டினார். மாமி முந்தானையால கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "மணைக்குப் புது ஜமுக்காளம் எடுக்கணும், ஞாபகப்படுத்துங்கோ"ன்னாங்க. சார் அப்படியே நாற்காலியில சாஞ்சார், தூக்குக் கயிறு அறுந்து தப்பிச்சவர் மாதிரி.

மூணு அம்பதுக்கு ஃபைல் போச்சு. "இப்ப கரெக்டா கீதுக்கா"ன்னான் குமார்.

கிளம்பறப்போ மாமி கேட் வரைக்கும் வந்தாங்க. மைசூர்பாகு பொட்டலத்தை என் பையில வெச்சுட்டு, ஹால் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டு, குரலைத் தாழ்த்தினாங்க.

"ரசத்தை மொதல் ப்ரூஃப்லயே படிச்சாச்சுடி. ஞாயித்துக்கிழமை முடியட்டும்."

சாருக்கு நான் இன்னும் சொல்லல.