சாரங்குக்கு நீ அனுப்பிய ரப்பர் பொம்மை

இயேசு, மரி, சூசை

இராயபுரம்
தவக்காலத்துச் செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சாண்ட்ராவுக்கு அப்பா அலெக்ஸாண்டர் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் நாயும் ஆண்டவர் கிருபையால் வேளைக்கு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும், மருமகன் ஜெனிஷும், நான் இன்னும் கையில் வாங்காத என் பேத்தியும் அந்த அயர்லாந்துக் குளிரில் காது மூடி, கால் மூடி சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். போன் இருக்கும்போது அப்பா ஏன் காகிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ அழுகிறாய். நீ அழுதால் நான் "சரிம்மா, வரேன்" என்று சொல்லிவிடுகிறேன். காகிதம் அழாது. அங்கே வேலைக்குத் திரும்புகிற நம் தேவப்பிரியம் நாளைக் காலை வந்து கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு என்னால் வர முடியாது. டிக்கெட்டை ரத்து செய்துவிடு. ஞானத்தகப்பனாக நிற்க மருமகன் வீட்டுப் பக்கம் நல்ல மனிதராக ஒருவரைப் பார். எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. குழந்தைக்கு அம்மாவின் பேரையே வைக்கப்போவதாக நீ சொன்ன அன்றைக்கு நான் கடற்கரைப் பக்கம் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் சாரங்கை என்ன செய்வது? அம்மா காசிமேட்டிலிருந்து மீன் கூடையில் வைத்துத் தூக்கி வந்த அந்தத் தெருநாய்க்குட்டிக்கு, படகு ஆட்களை அதட்டி வேலை வாங்குகிற தலைவனின் பேரை வைத்தது நான்தான். பேருக்கு ஏற்றபடி அவன் அம்மாவைத் தவிர வேறு யார் பேச்சையும் கேட்டதில்லை. அம்மா போனதிலிருந்து என் காலை விட்டு நகர்வதில்லை. நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறான். குளிப்பதையே நான் அவசரத் தொழிலாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

இதற்குத்தான் நீ அந்த ரப்பர் பொம்மையை அனுப்பினாய். மூன்று உருண்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டியது போலச் சிவப்பாக, உள்ளே பொந்தாக ஒன்று. அந்தப் பொந்தில் சாப்பாட்டை அடைத்துக் கொடுத்தால் நாய் அதை நக்கி நக்கி எடுப்பதிலேயே மும்முரமாகி ஆளை மறந்துவிடும், இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தனியே விட்டுப் பழக்கினால் நீங்கள் இங்கே வரும்போது எதிர்வீட்டு ரமாபாய் அக்கா அவனைப் பார்த்துக்கொள்வார் என்று சொன்னாய். நல்ல யோசனைதான். ஆனால் யாரிடம் அடைக்கச் சொன்னாய் என்பதை நீ யோசிக்கவில்லை. கப்பலின் அடிவயிற்றில் சரக்கு அடுக்குகிற ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன் உன் அப்பா. நான் அடுக்கிய மூட்டை எந்தப் புயலிலும் இடம் மாறியதாகப் பேச்சே இல்லை. அதே நியாயத்தில், அடியில் கோழி ஈரல், அதன் மேல் சோறு, இடுக்கில் எல்லாம் கேரட் துண்டுகளை ஆப்பு மாதிரி செருகி, இஞ்சி நசுக்குகிற குட்டி உலக்கையால் இடித்து, மறுபடி சோறு வைத்து, மறுபடி இடித்துக் கொடுத்தேன். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு பருக்கை விழவில்லை. எனக்கு ஒரே பெருமை. சாரங்கு நக்கினான், கடித்தான், மாடிப்படியில் உருட்டி விட்டான், அது கீழ்வீட்டு வாசல்வரை உருண்டது, மறுபடி கவ்வி வந்தான், சாயங்காலம்வரை ஒன்றும் வரவில்லை. கடைசியில் பொம்மையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான் பார், சம்பளம் கேட்க வந்து நிற்பவன்கூட அப்படிப் பார்க்க மாட்டான். நான் ஸ்பூன் காம்பை உள்ளே விட்டுக் குடைந்து குடைந்து எடுத்துக் கையில் ஊட்டினேன். அந்த நேரம் பார்த்து ரமாபாய் காபித்தூள் கேட்டு உள்ளே வந்துவிட்டாள். "இன்னாண்ணே, பொம்மைய வச்சிகினு நீ வெளாடிகினு கீற, நாய் வேடிக்க பாத்துகினு கீது?" என்று கேட்டாள். நான் காபித்தூளைக் கொடுத்து அனுப்பினேன்.

அன்றிலிருந்து அவனுக்கு அதே பழக்கம் ஆகிவிட்டது. பொம்மையை வாங்கியதும் நேராக மடிக்குக் கொண்டுவருகிறான். நான் அடைக்கிறேன், நானே குடைகிறேன். காலையில் ஈரல் வாங்கப் போவது, வேகவைப்பது, ஆறவைப்பது, அடைப்பது, குடைவது, பொந்துக்குள் பிரஷ் விட்டுக் கழுவுவது என்று பொழுது எப்படிப் போகிறது என்றே தெரியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அம்மா இருந்தபோது செய்தது போலவே தவக்காலத்துக்குக் கறியில்லாமல் தயிர்ச்சோறு. ஞானஸ்நானம் வாங்காத குறை ஒன்றுதான், மற்றபடி நம் வீட்டில் ஒழுங்காகத் தவக்காலம் காப்பவன் அவன்தான்.

பிறகு நீ போனில், அடைத்ததை ஐஸ்பெட்டியின் மேல் அறையில் உறையவைத்துக் கொடுங்கள், உருகி உருகி வரும், ரொம்ப நேரம் தாங்கும் என்றாய். அங்கேதான் எனக்குச் சங்கடம். நம் ஐஸ்பெட்டியின் மேல் அறை எவ்வளவு சின்னது என்று உனக்குத் தெரியும். அதில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் அம்மா செய்த சுறாப்புட்டு. "ரெண்டு நாள்ல வந்துடுவேன், அதுவரைக்கும் சூடு பண்ணிச் சாப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள். இரண்டு நாளில் அவள் வரவில்லை. நானும் சூடு பண்ணவில்லை. அது அங்கேயே இருக்கிறது. மேலே அவள் விரலால் அழுத்திச் சமன் செய்த தடம் தெரியும். மின்சாரம் போனால் ஐஸ்பெட்டிக்கு நம் பெரிய கம்பளியைப் போர்த்திவிடுவேன், குளிர் வெளியே போகாது. தெருவில் எல்லோரும் விசிறிக்கொண்டு வாசலில் நிற்கும்போது நான் ஐஸ்பெட்டிக்குக் கம்பளி போர்த்துவதை ரமாபாய் பார்த்திருக்கிறாள், அவள் பார்க்காதது எது? அந்த டப்பாவை நகர்த்த எனக்கு மனசு வரவில்லை. அதனால் பொம்மையை அதன் பக்கவாட்டில் சாய்த்துச் செருகினேன், கதவு மூடவில்லை, ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தேன். சாரங்கு நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் கொஞ்ச நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் கோவிலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை, உறைந்த பொம்மையை அவன் முன்னால் வைத்துவிட்டு முதல் பூசைக்குக் கிளம்பினேன். வாசலில் நின்று "அழாதேடா, இதோ வந்துடுறேன், அழாதேடா" என்று சமாதானம் சொல்லிவிட்டுத்தான் போனேன். தெருமுனை வரை ஊளை கேட்டது. பூசையில் சாமியார் அப்பத்தைத் தூக்குகிற நேரம், ஊசி விழுந்தால் கேட்கும், அந்த அமைதியில் வாசல் பக்கம் டொக் என்று ஒரு சத்தம். அப்புறம் டொக், டொக், டொக். திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. நடுப்பாதையில் சிவப்புப் பொம்மை கோணல்மாணலாகக் குதித்துக்கொண்டு பீடத்தை நோக்கிப் போகிறது, பின்னாலேயே நம் ஆள் நடந்து வருகிறான். எப்படித்தான் தாழ்ப்பாளைத் திறந்தானோ தெரியவில்லை, நாய்க்கு அவ்வளவு புத்தி. பாடகர் குழுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நான் மானம் போய் எழுந்து ஓடினேன். ஆனால் சாரங்கு பீடம்வரை போகவில்லை. பெண்கள் பக்கம் திரும்பி, தூணை ஒட்டிய பெஞ்சுக்குக் கீழே நுழைந்து, அம்மா முழங்கால் போட்டுவந்த பலகைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டான். அந்த இடத்தில் இன்னும் யாரும் உட்காருவதில்லை. அவனை யாரும் விரட்டவும் இல்லை. பூசை முடிந்து சாமியாரே பொம்மையை எடுத்து வந்து என் கையில் கொடுத்து, "அடுத்த வாரம் கொஞ்சம் மெத்துன்னு இருக்கிற பொம்மையா குடுத்து அனுப்புங்க" என்றார். வெளியே வந்ததும் நாயைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது சொல், இவனை விட்டுவிட்டு நான் எப்படி விமானம் ஏறுவேன்? ஒரு பூசை நேரம் தனியாக இருக்கத் தெரியாதவன், ஒரு மாதம் இருப்பானா? எனக்காக இல்லை, அந்த வாயில்லா ஜீவனுக்காகத்தான் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. மருமகனுக்கு என் அன்பைச் சொல். பேத்தியின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. கருவாட்டை வெயில் இல்லாத ஊரில் எப்படிக் காயவைப்பாய் என்று தெரியவில்லை, காற்றுப் படாமல் வை. மாதாவின் கை உங்கள் மூன்று பேர் தலை மேலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வர முடியாத
அப்பா

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். நான் பட்ட பாடு உனக்குத் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

கவரை ஒட்டப் பசை கேட்டு ரமாபாய் வீட்டுக்குப் போனேன். என்ன எழுதினாய் என்று கேட்டாள், சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "இன்னாண்ணே, வாசல்ல நின்னுகினு அழாத அழாதன்னு சொன்னா அது அழாம இன்னா பண்ணும்? நீ தெரு திரும்புற வரிக்கும்தான் கூவும். அப்பால அந்த ரப்பர காலால அமுக்கிகினு உள்ள ஒட்டிகினு கீறத நக்கித் துன்னுட்டு, மல்லாந்து தூங்கிடும். நீ காத்தால ஈரல் வாங்கப் போறப்ப நான் ஜன்னலாண்ட டெய்லி பாக்கறேன். உன்ன பாத்தாத்தான் ஒண்ணும் தெரியாத மாரி மடில கொணாந்து வைக்குது."

"அப்போ கோவிலுக்கு எப்படி வந்துச்சு?" என்றேன்.

"தாழ்ப்பாளா? நீ எங்க போட்ட? கதவ தொறந்து வுட்டுகினு போனது நீதான்."

 அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நாய நான் பாத்துக்கிறேண்ணே. நீ போவ மாட்டன்றது நாய்க்கோசரம் இல்ல. கரண்டு போனா பிரிஜ்ஜுக்குக் கம்பளி போத்த ஆளு இல்லன்னுதான். அண்ணி அத பாத்துகினு கெடக்கவா செஞ்சி வச்சாங்க? உன்ன துன்னச் சொல்லித்தானே வச்சாங்க?"

வீட்டுக்கு வந்து டப்பாவை வெளியே எடுத்து மேடையில் வைத்தேன். அந்த விரல் தடம் உருகிப் போகும்வரை நானும் சாரங்கும் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா சொன்னபடி சூடு பண்ணினேன். சோறு வடித்தேன். உப்பு ஒரு கல் தூக்கல்தான், அவள் கை எப்போதும் அப்படித்தான். நாய்க்கு ஆகாத பூண்டையெல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டுப் பொம்மைக்குள் அவன் பங்கைத் தளர்வாக வைத்தேன், உலக்கையைத் தொடவே இல்லை. அவன் மடிக்கு வரவில்லை. தானே தின்று முடித்தான். எனக்குத்தான் முடிக்க நேரமானது, சாண்ட்ரா. ரொம்ப அழுதேன்.

டிக்கெட்டை ரத்து செய்யாதே. ஒரு கம்பளிக் குல்லா வாங்கி வை. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், தேவப்பிரியத்திடம் கொடுக்கப் போவதில்லை, நானே எடுத்து வருகிறேன். அம்மாவின் சுறாப்புட்டுப் பக்குவம் உனக்குத்தான் தெரியும். சின்ன ரெஜினாவின் ஞானஸ்நானத்தன்று செய்து அதில் நிரப்பு. நெருக்கி அடுக்காதே.