நடவுக்குக் காத்திருக்கும் வாய்

இருப்பதை ஒதுக்கிவிட்டு வரப்போவதற்காகக் காத்திருப்பவர் என்று ஒரு மனித இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். மொரப்பூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் வந்து நின்று, ஊதி, புறப்பட்டும் போனபிறகு, அங்கே நிற்கவே நிற்காத எக்ஸ்பிரஸுக்காக மூட்டையின்மேல் நிம்மதியாக உட்கார்ந்திருப்பாரே, அவரேதான். இந்த இனத்தில் தலைசிறந்தவர் எங்கள் ஊர் மதலைமுத்து.

கேழ்வரகும் கடலையும் பயிரிடுகிறவர். 1969இல் அவருக்கு முன்பல் நான்கு போயின. பல் போனவர்கள் எல்லாம் தர்மபுரிக்குப் போய்ப் பல் கட்டிக்கொண்டார்கள். இவர் போகவில்லை. ஏன்? பொட்டுக்கடலை மடித்து வந்த பத்திரிகைத் துண்டில், ஸ்வீடன் தேசத்தில் தாடை எலும்பில் திருகாணி முடுக்கி, அதன்மேல் பல்லை நடுகிறார்கள் என்று படித்துவிட்டார். நடுகிறார்கள் என்றால் விவசாயிக்குச் சொல்லவா வேண்டும்? துண்டை ஜெபப் புத்தகத்துக்குள் பத்திரப்படுத்தினார். பல்செட் போட்டவர்களைக் கண்டால், கழற்றி டம்ளரில் போடுவதெல்லாம் ஒரு பல்லா என்று பரிதாபப்படுவார். மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய், தர்மபுரிப் பல் டாக்டரிடம் "வந்துடுச்சுங்களா?" என்று விசாரித்துவிட்டு வருவார்.

அதோடு விட்டாரா? நடவுக்கு முன்னால் வயலைச் சுத்தம் பண்ண வேண்டாமா? பொம்மிடிச் சந்தையில் பல் பிடுங்குகிறவர் முன்னால் உட்கார்ந்து, நன்றாக இருந்த பற்களையும் ஒன்று விடாமல் பிடுங்கிக்கொண்டு, உழுது போட்ட நிலத்தைக் காட்டுவது போல் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் வாயைத் திறந்து காட்டியபடி வீடு வந்து சேர்ந்தார். மனைவி மிக்கேலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் கவலைப்படவில்லை. எங்கள் பக்கத்துச் சாப்பாடு களி. களியை உருட்டிக் குழம்பில் தொட்டு விழுங்குவதுதானே முறை? யார் மெல்லுகிறார்கள்? இப்படியே ஏழு வருஷம் ஓடியது.

எட்டாம் வருஷம் மகள் பாக்கியமேரிக்குக் கல்யாணம். மறுவாரம் சம்பந்தி வீட்டில் கிடா வெட்டி விருந்து. பெண்ணைப் பெற்றவர் இலையில் கறியை மீதி வைத்துவிட்டால், எங்கள் சமையல் பிடிக்கவில்லையா என்று அந்தப் பெண்ணைத்தான் காலமெல்லாம் கேட்பார்கள். மதலைமுத்துவுக்கு இது தெரியும். ஆகவே கறியையும் களியைப் போலவே விழுங்கினார். துண்டு துண்டாக, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துக்கொண்டு. இலை காலியாவதைப் பார்த்துப் பூரித்துப்போன சம்பந்தி அருள்நாதன், கரண்டியோடு திரும்பத் திரும்ப வந்தார். மூன்றாம் கரண்டியில் ஒரு துண்டு தொண்டையில் நின்றுவிட்டது. ஆறு பேர் முதுகில் குத்தியதில் அது மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் போய் விழுந்தது.

பாக்கியமேரி அப்பாவைத் தனியே அழைத்துப்போய் அழுதாள்.

"அடுத்த தடவ பல்லு கட்டிக்கிட்டு வாங்கப்பா. இல்லன்னா இந்த வூட்டுக்கு வராதீங்க."

பாவம், அந்த வார்த்தை மனிதரைச் சுட்டுவிட்டது. மறுநாளே தர்மபுரிக்குப் போய், செட்டாவது கட்டிவிடுங்கள் என்று வாயைத் திறந்தார். டாக்டர் ஈறை விரலால் தடவிப் பார்த்தார்.

"பல்லில்லாம வுட்டா தாடை எலும்பு கரைஞ்சிடுங்க. இதுல செட்டும் நிக்காது. நீங்க கேக்கற பல்லு நாளைக்கே வந்தாலும் நட எடமில்லீங்க."

மதலைமுத்து தானும் ஒருமுறை ஈறைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு மெல்ல முகம் தெளிந்தது.

"எலும்பு வளர மருந்து வருமுங்களா? அதுவரைக்கும் பொறுத்துக்கறேன்."

மகள் வீட்டுக்கு அவர் இன்னும் போகவில்லை.

சிரிக்கிறீர்களா? நல்லது. சிரித்தபடியே நாக்கைக் கடைவாய்ப் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே ஒரு குழி தட்டுப்பட்டு, 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தோன்றுகிறதா? மொரப்பூரில் மூட்டையைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்கிறேன். மதலைமுத்துவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.