கெட்டுப்போக மறுத்த சாக்லேட் பை

தோற்றே தீருவது என்று சபதம் எடுத்துக்கொண்டு ஒரு மனுஷன் சமையலறைக்குள் நுழைந்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சேதாரம் நுழைந்தார். அதுவும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஜெயிக்கப் போகிறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

சேதாரம் என்பது அவர் பெயர் இல்லை. நசுங்கிய கார், எரிந்த குடோன், தண்ணீர் புகுந்த துணிக்கடை என்று போய்ப் பார்த்து, சேதம் எவ்வளவு என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது அவர் உத்தியோகம். ஆபீசில் வைத்த பட்டப்பெயர் வீடு வரைக்கும் வந்து நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. ஒரு பொருள் எப்படியெல்லாம் பாழாகும் என்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்த ஞானத்தை நம்பித்தான் இப்போது களத்தில் குதித்திருந்தார்.

விஷயம் இதுதான். அவர் வீட்டு அம்மணி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஆபீஸ்காரர்களுக்காக அங்கே ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆரம்பித்தார்கள். அது அம்மணியின் தலையில் விழுந்தது. அங்கிருந்து உருண்டு சேதாரத்தின் தலையில் விழப் பார்த்தது.

"இனிமே ஞாயித்துக்கிழமை சமையல் உங்களோடது."

"எனக்குத்தான் சமையல் வராதே!"

"வராதா, வர மனசில்லையா?"

"ரெண்டும்தான்."

ஞாயிற்றுக்கிழமை என்றால் சேதாரத்துக்கு எதிர் வீட்டுப் பல் டாக்டரோடு கேரம். காலையில் உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும்வரை எழுந்திருக்க மாட்டார். வாரம் பூராவும் நாயாக அலைவதே அதற்காகத்தான். அதில் கை வைத்தால் சும்மா இருப்பாரா?

"சரி, ஒரு பரீட்சை வை," என்றார். "நான் செஞ்சது வாயில வைக்க வழங்கலேன்னா, ஆயுசுக்கும் என்னைச் சமையலுக்குக் கூப்பிடக் கூடாது."

"நல்லா இருந்துட்டா?"

"ஆயுசுக்கும் ஞாயித்துக்கிழமை நான்தான்."

என்ன செய்வது என்பதையும் அவரே தேர்ந்தெடுத்தார். தெருமுனை பேக்கரியின் கண்ணாடிக்குள் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும் சாக்லேட் பை என்கிற இனிப்பு. அடியில் பிஸ்கட், அதற்கு மேல் கெட்டிச் சாக்லேட், அதற்கும் மேல் நுரைத்த சாக்லேட், உச்சியில் வெள்ளை க்ரீம். ஓர் அடுக்கு தப்பித்தவறி நன்றாக வந்தாலும் அடுத்த அடுக்கு கைகொடுக்காமலா போய்விடும் என்பது அவர் கணக்கு.

அம்மணி அசரவே இல்லை. "எப்படிச் செய்யறதுன்னு நான் போன்ல சொல்றேன். சொன்னதைச் சொன்னபடி செஞ்சாப் போதும்," என்று கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அங்கேதான் சேதாரத்துக்குப் பொறி தட்டியது. சொன்னபடி செய்தால்தானே நன்றாக வரும்? அத்தனையையும் தலைகீழாகச் செய்துவிட்டால்? அது அவருக்குப் புது வேலையும் இல்லை. கல்யாணமான நாளாகப் பழகியதுதான். குடை எடுத்துக்கொண்டு போங்கள் என்றால் வைத்துவிட்டுப் போவார். தொப்பலாக நனைந்து வந்து, "எங்கே மழை?" என்பார்.

முதல் போன் வந்தது.

"பிஸ்கட்டைக் கையால உடைச்சுப் போடுங்க, போதும். மாவாக்கிடாதீங்க. வெண்ணெய் ஒரே ஒரு ஸ்பூன். கூடிடுச்சுன்னா குடி முழுகிடும். தட்டுல லேசாத் தூவி விடுங்க, அழுத்தாதீங்க."

"ஆகட்டும்மா."

பிஸ்கட் மிக்ஸியில் மாவானது. அடுப்போரம் ஒரு கிண்ணம் நிறைய உருக்கிய வெண்ணெய் இருந்தது. யார் உருக்கி வைத்தார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. அப்படியே கவிழ்த்தார். தட்டில் கொட்டி, டம்ளரின் அடியால் ஜென்மப் பகையாளியை அழுத்துவதுபோல் அழுத்தினார்.

அடுத்த போன்.

"க்ரீம் காயுதா? ஐயோ பிரேக்! பிரேக் சார்! உங்களைச் சொல்லலைங்க."

"யாரு பக்கத்துல?"

"பேங்க் மேனேஜர். ரிவர்ஸ் பழகறார். இடதுன்னா வலதுக்குத்தான் திருப்பறார். இப்ப எல்லாத்தையும் மாத்தியே சொல்றேன். ஜோரா ஓட்டறார்."

"பாவம், சுத்த மக்கு போல," என்று சேதாரம் சிரித்தார்.

"ரொம்பப் பாவம்," என்று அம்மணியும் சிரித்தார். "இங்க பாருங்க, க்ரீம் நல்லா ஆறினப்புறம்தான் சாக்லேட் மேல ஊத்தணும். ஊத்தின கையோட விடாம கிண்டணும். உப்பு பக்கமே போகாதீங்க. காலையில மிஞ்சின கறுப்புக் காபி ஒரு வாய் இருக்கு. அது தவறிக்கூட உள்ள விழுந்துடக் கூடாது."

விழாமல் இருக்குமா? க்ரீமைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினார். கிண்டாமல் நாற்காலியில் சாய்ந்து காலாட்டினார். உப்பை அள்ளிப் போடலாம் என்று ஜாடியைத் திறந்தால், அடியில் ஒரு சிட்டிகைதான் ஒட்டிக்கொண்டிருந்தது. "குடும்பம் நடத்தற லட்சணம்!" என்று முணுமுணுத்தபடி அதையும் வழித்துப் போட்டார். காபியையும் விட்டு, போனால் போகிறதென்று ஒரு சுற்றுக் கிளறினார். கலவை கன்னங்கரேல் என்று பளபளத்தது. எத்தனையோ சேதத்தைப் பார்த்தவர், மினுங்குகிற சேதத்தை இப்போதுதான் பார்க்கிறார்.

கடைசி போனில், மேலுக்குப் போடும் க்ரீமை வெயிலில் வைத்த பாத்திரத்தில் அடிக்கச் சொன்னார் அம்மணி. சேதாரம் பாத்திரத்தை ஃப்ரீசரில் வைத்து எடுத்து அடித்தார். ஆறின சாக்லேட்டில் பாதி பிஸ்கட் மேல் ஓர் அடுக்கு, மீதியோடு அடித்த க்ரீமில் பாதியைக் கலந்து இன்னோர் அடுக்கு, மிச்ச க்ரீம் அதன் தலையில். "ஃப்ரிட்ஜுக்குள்ள மட்டும் வச்சிடாதீங்க, கல்லாப் போயிடும்," என்றார் அம்மணி. சேதாரம் உடனே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

நேரே பல் டாக்டர் வீட்டுக்குப் போனார். "சாயங்காலம் நீங்கதான் நடுவர். ஒரு வாய் தின்னுட்டுத் துப்பணும். நம்ம கேரமே உங்க நாக்குலதான் இருக்கு."

"தினமும் ஊரையே துப்பச் சொல்றவன் நான். எனக்குத் துப்பத் தெரியாதா?" என்றார் டாக்டர்.

சாயங்காலம் அம்மணி கத்தியை இறக்கினார். நாலு அடுக்கும் கோடு கிழித்த மாதிரி நின்றன. டாக்டர் ஒரு துண்டை வாயில் போட்டார். கண் தானாக மூடிக்கொண்டது.

"துப்புங்க டாக்டர், கூச்சப்படாதீங்க."

டாக்டர் தட்டை நீட்டினார். "இன்னொரு துண்டு."

"டாக்டர், கேரம்!"

"அதுக்கென்ன, நீங்க இதைச் செஞ்சு இறக்கிட்டு வாங்க, ஆடலாம். நான் எங்க ஓடிப் போறேன்?"

சேதாரம் துள்ளி எழுந்தார். "இது செல்லாது! இவ சொன்னதுல ஒண்ணுகூட நான் செய்யலை. எல்லாத்தையும் மாத்தித்தான் செஞ்சேன்!"

"தெரியுமே," என்றார் அம்மணி. "வெண்ணெய், உப்பு, காபி எல்லாம் அளந்து வச்சுட்டுத்தானே போனேன். உங்களுக்குச் சமைக்க வருமான்னு சந்தேகம் இருந்துது. நான் சொன்னா கேக்க மாட்டீங்கங்கிறதுல சந்தேகமே இல்லை."

சேதாரம் பொத்தென்று உட்கார்ந்தார். தானும் ஒரு துண்டு தின்று பார்த்தார். பாழாய்ப்போனது, அமிர்தமாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அது அவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. இனி இவள் என்ன சொன்னாலும் அப்படியே கேட்டுவிடுவது, அப்போதுதான் பிழைக்கலாம் என்று அன்றைக்கே முடிவு கட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து அம்மணி செருப்பை மாட்டியபடியே சொன்னார்: "பார்க்கவே பாவமா இருக்கு. பந்தயமும் வேணாம், ஒண்ணும் வேணாம். போய்க் கேரம் ஆடுங்க. இனிமே நீங்க சமையலறைக்குள்ள காலே வைக்கக் கூடாது."

சேதாரத்துக்குச் சுருக்கென்றது.

"அதெப்படி? என் வீட்டுச் சமையலறையில நான் காலை வைக்கக் கூடாதுன்னு சொல்ல நீ யாரு?" என்று விருட்டென்று எழுந்து உள்ளே போனார். அடுப்பைப் பற்றவைத்து, பாத்திரத்தை ஏற்றி, க்ரீமை ஊற்றிய பிறகுதான் வாசலில் கார் கிளம்புகிற சத்தம் அவர் காதில் விழுந்தது.