என் முதல் பேஷண்ட் குணமான கதை

நாமக்கல் பக்கத்தில் பிறந்த வாய்க்கு, எதிரே ஓர் ஆளைப் பார்த்ததும் “சாப்ட்டீங்களா?” என்று கேட்காமல் இருப்பது தும்மலை அடக்குவது மாதிரி. பத்து விநாடி தாங்கும். பதினோராவது விநாடியில் வெடித்துவிடும். எனக்கு அது ஒரு தேர்வில் வெடித்தது.

நான் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர். (பேசியே சம்பளம் வாங்குகிறவள் என்று புகுந்த வீட்டில் சொல்வார்கள்.) சாப்பாட்டைக் கண்டு அஞ்சி, உடம்பை ஒடுக்கிக்கொள்ளும் நோய்க்குச் சிகிச்சை தர எங்களைப் போன்றவர்களுக்கு ஆன்லைனில் பயிற்சி கொடுத்தார்கள். முடிவில் நேரடித் தேர்வு: பயிற்சி தரும் டாக்டரம்மாவே நோயாளியாக நடிப்பார், நாம் அவரிடம் பேச வேண்டும், வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும். நான் தேறினால்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைதோறும் இதற்கென்று ஒரு பிரிவு.

அதற்காகப் பரமத்தி வேலூரில் ஒரு தாய் காத்திருந்தார். வாரம் தவறாமல் போன் வரும். “என்ற புள்ள சோத்தப் பாத்தா பாம்பப் பாத்தாப்புல பின்னால போறாளுங்க. கோயமுத்தூர் கூட்டிட்டுப் போலாம்னா பஸ்லயே மயங்கிப் போறா. நீங்க எப்பங்க ஆரம்பிப்பீங்க?”

ஒத்திகைக்கு ஒரு நோயாளி வேண்டியிருந்தது. மழைக்காலம். போர்வெல் போடும் ரிக் வண்டி ஷெட்டில் நிற்க, என் கணவர் வீட்டில் சும்மா இருந்தார். இரண்டு வாரம் தினமும் அவர்தான் நோயாளி. “சாப்பாட்டப் பாத்தாலே பயமா இருக்குதுங்க” என்பார், ஐந்தாவது தோசையைக் குருமாவில் புரட்டியபடி.

“ஏனுங்க, மென்னுக்கிட்டே சொன்னா எப்படிங்க?”

“பயம் மனசுக்குள்ள இருக்குது அம்மிணி. அது வாய்க்கு எப்படித் தெரியும்?”

(ஆளைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாது என்று பாடத்திலும் இருந்தது. ஆனாலும் தட்டைப் பிடுங்கினேன்.)

தேர்வு நாள். திரையில் கட்டம் கட்டமாக இருபது முகங்கள். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் புத்தக அலமாரி வைத்திருந்தார்கள், நான் மட்டும் துணி பீரோ. விதிகள் இரண்டுதான்: எடுத்த எடுப்பில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கக் கூடாது, உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது.

டாக்டரம்மா துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, தலை குனிந்து, கைகளை மடக்கி உட்கார்ந்தார். அப்படி ஒரு நடிப்பு. எனக்கு அது தேர்வு என்பதே மறந்துவிட்டது. போனில் அழைக்கும் தாயின் அந்த வேலூர்ப் பெண்ணே வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று மனசு இளகிப்போய்ச் சொன்னேன்:

“வாங்க வாங்க, சாப்ட்டீங்களா?”

இருபது முகங்களும் அப்படியே நின்றுவிட்டன. இன்டர்நெட் கோளாறு என்றுதான் முதலில் நம்பினேன். பிறகு சமாளிக்கப் போய், “அய்யோ, அதில்லீங்க… ஏனுங்க இப்படி எளச்சுப் போயிட்டீங்க?” என்றேன்.

இரண்டு விதி, இரண்டு வாக்கியம். கணக்கு முடிந்தது.

“எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க” என்று டாக்டரம்மா விசும்பினார். பதிலைத் தேடி நோட்டைப் புரட்டினேன். அப்போது லேப்டாப்புக்குப் பின்னாலிருந்து ஒரு ரகசியக் குரல். ரிக் வண்டிச் சத்தத்தில் பேசிப் பழகியவரின் ரகசியம். தெருமுனை வரை கேட்கும்.

“எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு புரியுதுங்கன்னு சொல்லு அம்மிணி!”

டாக்டரம்மா சட்டென்று தலை நிமிர்ந்தார். “மேடம், ரூம்ல யாரு?”

வீட்டுக்காரர் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வாரப் பழக்கம், வாயில் வேறொன்று வந்தது.

“என்ற பேஷண்ட்டுங்க.”

இருபது முகங்களும் கேமராவை நெருங்கி வந்தன. “நிஜ பேஷண்ட்டா? வீட்டிலா? நோயாளி விவரம் வெளியே தெரியவே கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!” என்று டாக்டரம்மா பதறினார்.

என்னைக் காப்பாற்ற நினைத்த கணவர், பனியனோடு, கையில் பாதி கடித்த பஜ்ஜியோடு திரைக்குள் வந்தார்.

“அவங்க மேல தப்பில்லீங்க. ரெண்டு வாரமா இவங்ககிட்டத்தான் ட்ரீட்மெண்ட்டுங்க. மொதல்ல சோறுன்னாவே ரொம்பப் பயங்க. இப்பப் பாருங்க.”

மிச்ச பஜ்ஜியும் உள்ளே போனது.

டாக்டரம்மாவின் கேமரா அணைந்தது. மைக்கை அணைக்க மறந்திருந்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். கண்ணைத் துடைத்தபடி திரும்பி வந்தவர், “அடுத்த வாரம் மறுபடியும் வாங்க மேடம். தனியா வாங்க” என்றார்.

அடுத்த வாரம் கணவரை ஷெட்டுக்கு அனுப்பிவிட்டு, “வாங்க, உக்காருங்க. இன்னைக்கு எப்படி இருக்கீங்க?” என்று கேட்டு, அதற்குமேல் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். தேறினேன். வேலூர்ப் பெண் இப்போது வியாழக்கிழமைகளில் வருகிறாள். அங்கே பேசுவது அவளுக்கும் எனக்கும் மட்டும்.

ஆனால் என் முதல் பேஷண்ட்டுக்கு ரகசியம் என்பதே கிடையாது. உறவில் எந்தப் பந்தி என்றாலும் அவரே கதையை ஆரம்பிப்பார். உடனே என் கொழுந்தன், “அவருக்கு இன்னும் ரெண்டு கரண்டி வைங்க, அண்ணி குணமாக்குன ஆளு!” என்று கத்துவான். போன மாதம் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணம். கதையை அப்படியே நம்பிவிட்ட ஓர் அம்மா, என் கணவர் மூன்றாம் முறை சோறு வாங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்:

“கண்ணு, நீ கொஞ்சம் கூடுதலாவே கொணமாக்கிப் போட்டயாட்ட இருக்குது.”